டார்ச் அடித்துப் பார்த்தால் எந்தச் சுவரும் தேறாது

கேள்வி: செந்தூலில் எங்களுடையது 35 வருஷத்துப் பழைய தெரஸ் வீடு. ஹாலில் பழைய பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டுப் புதிதாகப் பூசினோம். பின்பக்கம் சமையலறையை நீட்டிக் கட்டி, அதற்கும் உள்ளும் புறமும் பூச்சு. பூச்சு வேலைக்கு மட்டும் 9,000 வெள்ளி பேச்சு, 6,500 கொடுத்துவிட்டோம். வேலை முடிந்து மூன்று வாரம் ஆகிறது. போன ஞாயிற்றுக்கிழமை இரவு வீட்டுக்கு வந்த என் கொழுந்தனார், கைப்பேசி டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பிடித்துக் காட்டினார். சுவர் முழுக்க அலை அலையாகத் தெரிந்தது. “இதெல்லாம் ஒரு வேலையா? உடைத்துவிட்டு மறுபடி பூசச் சொல்லுங்கள், பாக்கியில் ஒரு சென் கொடுக்காதீர்கள்” என்கிறார். குத்தகையாளரோ, “பெயிண்ட் அடித்தால் எல்லாம் மறைந்துவிடும் அக்கா” என்கிறார். சமையலறைப் புதுச் சுவர் பழைய சுவரோடு சேரும் இடத்தில் மெல்லிய விரிசல் மேலிருந்து கீழே ஓடுகிறது. ஹால் ஜன்னலுக்குக் கீழே தட்டினால் ஒரு மாதிரி சத்தம் வருகிறது. அடுத்த வாரம் பெயிண்டர் வருகிறார். குத்தகையாளர் கோயிலில் அடிக்கடி பார்க்கும் குடும்பத்துப் பிள்ளை. அவர் வயிற்றில் அடிக்க மனமில்லை. நாங்கள் ஏமாறவும் விருப்பமில்லை. நியாயமாக எப்படிப் பார்ப்பது?

— ஒரு வாசகி, செந்தூல், கோலாலம்பூர்

பதில்:

அன்புள்ள சகோதரி,

முதல் காரியமாகப் பெயிண்டருக்குப் போன் போட்டு, மூன்று வாரமாவது கழித்து வரச் சொல்லுங்கள். சிமெண்ட் பூச்சு பெயிண்டுக்குத் தயாராகச் சுமார் 28 நாள் விடுவது வழக்கம். உங்களுக்கு இன்னும் அந்தக் கணக்கே முடியவில்லை. ஈரம் போகாமல் பெயிண்ட் அடித்தால் உப்புப் பூத்து, கொப்புளித்து, உரியும். திருத்த வேண்டிய இடங்களைத் திருத்தினால் அந்த ஒட்டுகளும் காய வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியம், பெயிண்ட் ஏறிய பிறகு பூச்சைப் பற்றி யாரும் எதையும் நிரூபிக்க முடியாது. பூச்சுக்காரர் பெயிண்டரைக் காட்டுவார், பெயிண்டர் பூச்சுக்காரரைக் காட்டுவார். நீங்கள் நடுவில் நிற்பீர்கள்.

அடுத்தது, உங்கள் கொழுந்தனார், குத்தகையாளர் இருவர் சொல்வதையும் அப்படியே ஏற்க வேண்டாம். ஒரு பூச்சை மதிப்பிடும்போது இரண்டு விஷயங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒன்று, பூச்சு சுவரைப் பிடித்திருக்கிறதா, கெட்டியாக இருக்கிறதா என்பது. இன்னொன்று, எவ்வளவு மட்டமாகவும் வழவழப்பாகவும் இருக்கிறது என்பது. முதலாவதில் பேரம் கிடையாது. மலிவாகப் பேசிய வேலையாக இருந்தாலும் பூச்சு ஒட்டித்தான் ஆக வேண்டும். இரண்டாவது, பேசிய காசையும் பேசிய பேச்சையும் பொறுத்தது. கோயில் மண்டபச் சுவரும் ஐந்து நட்சத்திர ஹோட்டல் வரவேற்பறைச் சுவரும் ஒரே விலைக்கு வராது. வீட்டுச் சண்டைகளில் பெரும்பாலும் இது தலைகீழாக நடக்கிறது. கண்ணுக்குத் தெரியும் அலைக்காக அடித்துக்கொள்கிறோம். கண்ணுக்குத் தெரியாத பொள்ளலை, அதாவது பூச்சு சுவரைப் பிடிக்காமல் உள்ளே வெற்றாக நிற்கும் இடத்தை, தட்டிக்கூடப் பார்ப்பதில்லை. நீங்கள் தட்டிப் பார்த்திருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் எனக்கு உண்மையில் கவலை தந்த வரி, ஜன்னலுக்குக் கீழே வரும் அந்தச் சத்தம்தான்.

சரி, டார்ச்சை முதலில் பார்த்துவிடுவோம். வெளிச்சம் சுவரோடு ஒட்டி, 5 பாகைச் சாய்வில் ஓடுகிறது என்று வையுங்கள். அந்த வெளிச்சத்தில் 1 மில்லிமீட்டர் உயரமுள்ள கூரான மேடு 11 மில்லிமீட்டர் நீளத்துக்கு நிழல் போடும். சாய்வு 2 பாகையானால் நிழல் 28 மில்லிமீட்டரைத் தாண்டும். அதே மேட்டில் 45 பாகையில் வெளிச்சம் பட்டால் நிழலும் 1 மில்லிமீட்டர்தான். ஆக, உங்கள் கொழுந்தனார் காட்டியது உண்மைதான், ஆனால் பல மடங்கு பெரிதாக்கிய உண்மை. கையால் பூசிய எந்தச் சுவரும், எவ்வளவு பெரிய கை பூசியிருந்தாலும், அந்தச் சோதனையில் தேறாது. பிரிட்டனில் புது வீடுகளுக்கு உத்தரவாதம் தரும் என்.எச்.பி.சி. அமைப்பின் தரக் குறிப்பும் சுவரைப் பகல் வெளிச்சத்தில், 2 மீட்டர் தள்ளி நின்று பார்க்கச் சொல்கிறது. சுவரின் மேல் விளக்கை அடித்துப் பார்க்கக் கூடாது என்கிறது.

ஆனால் தெரஸ் வீட்டில் ஒரு சிக்கல் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட்டால் உங்களுக்கு அநியாயம். இரு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர் என்பதால் நமக்கு வெளிச்சம் முன்னாலும் பின்னாலும் மட்டும்தான் வரும். அந்த வெளிச்சம் ஹாலின் நீளச் சுவரை உரசிக்கொண்டேதான் போகும். வீடு கிழக்கு பார்த்ததாக இருந்தால், காலையில் கதவைத் திறந்ததும் வெயில் டார்ச் போலவே சுவரில் ஓடும். அதனால் பகல் வெளிச்சத்தில் பார்த்தேன், அலை தெரிகிறது என்று நீங்கள் சொன்னால் அதைத் தள்ளிவிட முடியாது. காலை பத்து மணிக்கு ஒரு தடவை, சாயங்காலம் வழக்கமாக விளக்குப் போடும் நேரத்தில் ஒரு தடவை, நீங்கள் உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்தே பாருங்கள். அங்கிருந்து கண்ணை உறுத்துகிற இடங்களில் மட்டும் சாக்பீஸால் வட்டம் போடுங்கள். மற்றதை விட்டுவிடுங்கள்.

வட்டம் போட்ட இடங்களை இனி அளக்க வேண்டும். நம் நாட்டில் இதற்குப் பொதுவான அளவுகோல் உண்டு. கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியமான சி.ஐ.டி.பி. 2006-இல் கொண்டுவந்த ‘கிளாசிக்’ தர மதிப்பீட்டு முறையில், சி.ஐ.எஸ். 7 என்ற தர ஆவணத்தின்படி, உள்சுவரின் மட்டம் 1.2 மீட்டருக்கு 3 மில்லிமீட்டருக்கு மேல் ஏறி இறங்கக் கூடாது. பெரிய வீடமைப்புத் திட்டங்களை மதிப்பிட வந்த முறை இது. உங்கள் குத்தகையாளரை அது நேரடியாகக் கட்டுப்படுத்தாது. என்றாலும் நீங்கள் சொல்லும் அளவுமில்லை, அவர் சொல்லும் அளவுமில்லை என்பதால் இரு தரப்பும் ஒப்புக்கொள்ளக்கூடிய அளவு.

அளப்பதற்குப் பெரிய கருவி வேண்டாம். ஹார்ட்வேர் கடையில் 1.2 மீட்டர் நீளத்துக்கு அலுமினியக் கட்டை ஒன்று வெட்டி வாங்குங்கள். வாங்கியதும் அதையே முதலில் சோதியுங்கள்: தரையில் வைத்து ஓரமாகப் பென்சில் கோடு போட்டு, கட்டையைக் கோட்டின் அந்தப் பக்கம் திருப்பி வைத்து, அதே ஓரத்தால் மறுபடி கோடு போடுங்கள். இரண்டு கோடும் ஒன்றாகப் படிந்தால் கட்டை நேர். பிறகு அதைச் சுவரில் நட்டுக்குத்தாக, படுக்கையாக, குறுக்காக வைத்துப் பாருங்கள். 3 மில்லிமீட்டருக்கு உங்கள் பணப்பையிலேயே அளவு இருக்கிறது. வங்கி அட்டையின் பருமன் எங்கும் ஒரே அளவு, 0.76 மில்லிமீட்டர். எண்கள் புடைக்காத அட்டை நான்கை அடுக்கினால் 3 மில்லிமீட்டர் வந்துவிடும். கட்டைக்கும் சுவருக்கும் நடுவே அந்த அடுக்கு தாராளமாக நுழைந்தால் அங்கே பள்ளம் அதிகம். இரண்டு அட்டையோடு நின்றுவிட்டால், டார்ச்சில் எவ்வளவு பயங்கரமாகத் தெரிந்தாலும், அது நல்ல வேலை. மேடு இருக்கும் இடத்தில் கட்டை ஆடும். அப்போது இரண்டு முனையிலும் இடைவெளி சமமாக வரும்படி பிடித்துக்கொண்டு அளக்க வேண்டும். ஒரு முனையை அழுத்தி மறுமுனையில் அளந்தால் இரட்டிப்பாகக் காட்டும், குத்தகையாளர் அதை ஒத்துக்கொள்ள மாட்டார், ஒத்துக்கொள்ளவும் கூடாது.

தூக்குக்குண்டு விட்டுப் பார்க்கும் நேர்குத்து அளவு 1 மீட்டருக்கு 3 மில்லிமீட்டர். இரண்டு சுவர் சேரும் மூலை செங்கோணமாக இருக்கிறதா என்று பார்க்கும் மூலைமட்டத்துக்கு 300 மில்லிமீட்டரில் 4 வரை பொறுத்துக்கொள்கிறார்கள். ஹாலில் இந்த இரண்டையும் பற்றி நான் அதிகம் கவலைப்பட மாட்டேன். சமையலறையில் பாருங்கள், ஏனென்றால் 60 சென்டிமீட்டர் ஆழமுள்ள கேபினெட் பக்கத்தில் அந்த 4 மில்லிமீட்டர் 8 ஆகிவிடும். கேபினெட்காரர் வருவதற்கு முன்பே இது தெரிந்திருக்க வேண்டும்.

அளந்த பிறகு அடியில் இருந்த சுவரையும் நினைத்துப் பார்க்க வேண்டும். 35 வருஷத்துச் செங்கல் சுவர் நேராக நிற்கும் என்று யாரும் உறுதி தர முடியாது. ஒரு அங்குலம் சாய்ந்த சுவரைப் பூச்சாலேயே நிமிர்த்த வேண்டுமானால், ஒரே தடவையில் அப்ப முடியாது. ஒரு கை பூசி, சொரசொரப்பாக விட்டு, இறுகிய பிறகு அடுத்த கை பூச வேண்டும். கலவையும் அதிகம், கூலியும் அதிகம். அப்படி நிமிர்த்தித் தருவதாகப் பேசினீர்களா, இருக்கிற சுவரை ஒட்டியே பூசித் தருவதாகப் பேசினீர்களா? ‘நிமிர்த்துவது’ பேச்சிலேயே வரவில்லை என்றால், சுவரின் சாய்வுக்காகக் காசைப் பிடிப்பது நியாயம் இல்லை. பள்ளம் மேட்டுக்கு இந்தச் சலுகை கிடையாது. சாய்ந்த சுவரிலும் பூச்சு மட்டமாக இருக்க முடியும்.

இப்போது தட்டும் வேலை. ஸ்க்ரூடிரைவரைத் திருப்பிப் பிடித்து அதன் கைப்பிடியால் மெதுவாகத் தட்டுங்கள். சுத்தியல் வேண்டாம், நன்றாக ஒட்டியிருப்பதையும் அது பெயர்த்துவிடும். டிவி, மின்விசிறி எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, ஒரு முழம் இடைவெளியில் வரிசையாகத் தட்டிக்கொண்டே போங்கள். நன்றாகப் பிடித்திருக்கும் இடம் ‘டக் டக்’ என்று குறுகலாக, கனமாகச் சொல்லும். விட்டுப்போன இடத்தில் காலி மைலோ டின்னைத் தட்டியது போலச் சத்தம் திறந்து கேட்கும். ஒரு தடவை கேட்டுவிட்டால் பிறகு காது தானே பிரித்துவிடும். சத்தம் மாறும் எல்லையில் புள்ளி வைத்துக்கொண்டே போனால், விட்டுப்போன பரப்பின் உருவம் அப்படியே சுவரில் தெரியும். படம் எடுத்துக்கொள்ளுங்கள், பக்கத்தில் அளவுநாடாவை விரித்து வைத்து எடுங்கள்.

ஏன் விட்டுப்போகிறது? செங்கல் தாகத்தோடு இருக்கும்போது பூசினால், கலவையிலிருக்கும் தண்ணீரை அது உறிஞ்சிவிடும்; சிமெண்ட் இறுகுவதற்குத் தண்ணீர் மிஞ்சாது. பழைய பூச்சைக் கொத்தியபின் தூசியைக் கழுவாமல் பூசினால், பூச்சு பிடித்துக்கொள்வது தூசியைத்தான். வழவழப்பான கான்கிரீட் தூணையோ, கதவு ஜன்னலுக்கு மேலே வரும் லிண்டல் உத்தரத்தையோ கொத்திச் சொரசொரப்பாக்காமல் பூசினாலும் இதே கதி. ஜன்னலுக்குக் கீழே வரும் சத்தத்துக்கு இன்னொரு காரணமும் இருக்கலாம். ஜன்னல் விளிம்பு வழியாக மழைத்தண்ணீர் உள்ளே இறங்கினால், ஒட்டியிருந்த பூச்சும் விட்டுப்போகும். அதனால் ஜன்னலின் வெளிப்பக்கச் சிலிகோனையும் பாருங்கள், நல்ல மழை ஒன்று பெய்த மறுநாள் அதே இடத்தில் கையை வைத்து ஈரம் பாருங்கள். தண்ணீர்தான் காரணம் என்றால் மறுபடி பூசினாலும் மறுபடி விடும். அதற்குப் பூச்சுக்காரரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை.

எவ்வளவு பொள்ளல் இருந்தால் பெயர்க்கச் சொல்லலாம்? சுவரின் நடுவே உள்ளங்கை அளவில், விரிசல் எதுவும் இல்லாமல் ஒன்று இருந்தால் நான் விட்டுவிடுவேன், குறித்து மட்டும் வைப்பேன். ஒரு சாப்பாட்டுத் தட்டைவிடப் பெரிதாக இருந்தாலோ, ஓரத்தோடும் மூலையோடும் சேர்ந்திருந்தாலோ, வெளிச்சுவரில் இருந்தாலோ, கதவுக்கு மேலே தலைக்கு நேராக இருந்தாலோ, சமையலறையில் டைல்ஸ் ஒட்டப்போகும் இடமாக இருந்தாலோ வெட்டி எடுத்து மறுபடி பூசத்தான் வேண்டும். அதுவும் விட்டுப்போன இடத்தை மட்டும், நன்றாக ஒட்டியிருக்கும் எல்லை வரை சதுரமாக வெட்டி. முழுச் சுவரையும் உடைக்கச் சொன்னால், நன்றாகப் பிடித்திருக்கும் பூச்சையும் அதன் அடியிலுள்ள செங்கலையும் சேர்த்துக் காயப்படுத்துகிறீர்கள்.

கெட்டித்தன்மையைப் பார்ப்பது சுலபம். உள்ளங்கையால் சுவரை அழுத்தித் தேயுங்கள். லேசாக வெள்ளை படிந்தால் பரவாயில்லை. கை முழுக்க மணலும் மாவுமாக வந்தால் கலவை பலவீனமாகவோ, தண்ணீர் காட்டாமல் சீக்கிரமே காய்ந்ததாகவோ இருக்கலாம். வெளியே தெரியாத மூலையில் ஆணியால் கோடு இழுத்துப் பாருங்கள். நல்ல சிமெண்ட் பூச்சில் ஆணி வழுக்கி ஒரு கீறல் மட்டும் விழும். மோசமான பூச்சில் உழுதுகொண்டே போகும். நாலைந்து இடத்தில் இழுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு இடத்தில் மட்டும் மென்மையாக இருந்தால், அந்த ஒரு தடவை கலந்த கலவை சரியில்லை என்று அர்த்தம்.

விரிசலுக்கு வருவோம். வலைபோல, நகத்தில் பிடிபடாத மயிரிழை விரிசல்கள் மேற்பரப்பில் இருந்தால், சிமெண்ட் அதிகமான கலவை, அளவுக்கு மீறித் தேய்த்தது, வேகமாகக் காய்ந்தது, இவற்றில் ஏதோ ஒன்று. பூச்சு விடாமல் இருந்தால் அது அழகுக் குறைதான். பெயிண்டுக்கு முன் புட்டியும் சீலரும் போதும். ஒரே நேர்கோட்டில் ஸ்விட்சை நோக்கி ஓடும் விரிசல், ஒயர் குழாய்க்காகச் சுவரை வெட்டிய இடம். அதைச் சரியாக அடைக்காதது மின்வேலைக்காரரா பூச்சுக்காரரா என்று கேட்டுத்தான் யாரைத் திருத்தச் சொல்வது என்று முடிவு செய்ய வேண்டும். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாகக் கிளம்பும் விரிசல் பூச்சுக்கு அடியில் பிறந்தது.

உங்கள் வீட்டில் ஓடும் விரிசல், புதுச் சுவரும் பழைய சுவரும் சேரும் இடத்தில் இருக்கிறது. வீட்டை நீட்டிக் கட்டும் இடங்களில் இது மிக மிகச் சாதாரணம். பழைய சுவரின் அஸ்திவாரம் 35 வருஷமாக அமர்ந்து முடிந்தது. புதியது இப்போதுதான் அமரத் தொடங்குகிறது. நடுவில் இருக்கும் மெல்லிய பூச்சால் அந்த அசைவைத் தாங்க முடியாது. சுவரைக் கட்டியவர் பழைய சுவரோடு கம்பி வைத்துக் கட்டியிருக்க வேண்டும், பூசியவர் சேரும் இடத்தில் கோழிவலை கொடுத்துப் பூசியிருக்க வேண்டும். இரண்டும் செய்தாலும் சில வீடுகளில் மெல்லிய கோடு வரத்தான் செய்யும். விரிசலின் இரண்டு முனையிலும் பென்சிலால் குறுக்குக் கோடு போட்டுப் பக்கத்தில் தேதி எழுதுங்கள். அகலம் 1 மில்லிமீட்டருக்குள், அதாவது வங்கி அட்டையின் ஓரம் நுழையாத அளவில் இருந்தால், பெயிண்ட் வேலையோடு சரிசெய்யக்கூடியதுதான். சிமெண்டால் அடைக்காதீர்கள், மறுபடி திறக்கும். நேராகக் காடி வெட்டி, பெயிண்ட் ஏற்கும் நெகிழ்வான சீலண்ட் போடச் சொல்லுங்கள். விரிசல் மாதா மாதம் அகலமானாலோ, ஒரு பக்கம் மற்றொன்றைவிடப் படிபோல முன்னே வந்தாலோ, பூச்சுக்காரரை விட்டுவிட்டுப் பொறியாளர் ஒருவரைக் கூப்பிடுங்கள்.

“பெயிண்ட் அடித்தால் மறைந்துவிடும்” என்ற பேச்சை நான் ஏற்க மாட்டேன். இரண்டு கோட் பெயிண்ட் காய்ந்தபின் அதன் பருமன் 1 மில்லிமீட்டரில் சுமார் பத்தில் ஒரு பங்குதான். அது எந்தப் பள்ளத்தையும் நிரப்பாது. பளபளப்பில்லாத மேட் பெயிண்ட் வெளிச்சத்தைச் சிதறடிப்பதால் அலை குறைவாகத் தெரியும், அவ்வளவுதான். பளபளக்கும் பெயிண்டும் அடர்ந்த நிறமும் இருக்கிற குறையைக் கூட்டிக் காட்டும். நீங்கள் பிளாஸ்டர் சீலிங் போட்டு, சுவரோரமாக மறைவிளக்கு வைக்கும் எண்ணத்தில் இருந்தால், உங்கள் கொழுந்தனாரின் டார்ச்சை நிரந்தரமாகச் சுவரில் மாட்டுகிறீர்கள் என்று வையுங்கள். அப்படிப்பட்ட சுவருக்கு ஸ்கிம் கோட் எனும் மெல்லிய மேல்பூச்சு போட்டுத் தேய்த்துத்தான் ஆக வேண்டும். அந்த விளக்கைப் பற்றி முன்பே சொல்லி விலை பேசியிருந்தால் அது குத்தகையாளர் பொறுப்பு. இப்போதுதான் தோன்றியது என்றால் அந்தச் செலவு உங்களுடையது.

இனி காசு. குத்தகையாளரைப் பகலில் வீட்டுக்குக் கூப்பிட்டு, அவர் கண் முன்னாலேயே கட்டையை வையுங்கள், அவரையே தட்டச் சொல்லுங்கள். கொழுந்தனாரும் இருக்கட்டும். அவர் மனம் கோணாமல், அவர் கவலையையும் அளந்தே பார்த்ததாக இருக்கும். ஒப்புக்கொண்ட இடங்களை ஒரு தாளில் எழுதி, படத்தோடு வாட்ஸ்அப்பிலும் அனுப்பி, திருத்துவதற்கு 14 நாள் கொடுங்கள். திருத்தும் முதல் உரிமை அவருடையது. அவருக்கு வாய்ப்பே கொடுக்காமல் வேறு ஆளை வைத்துச் செய்துவிட்டுக் காசைப் பிடிப்பது சரியில்லை. நிறுத்தி வைக்கும் தொகையும் திருத்தும் வேலையின் மதிப்போடு பொருந்த வேண்டும். 600 வெள்ளி வேலைக்காக 2,500-ஐயும் பிடித்து வைத்தால், அதில் அவர் பூசும் ஆட்களுக்குக் கொடுக்க வேண்டிய கூலியும் மாட்டிக்கொள்கிறது. திருத்தும் செலவைப் போல ஒன்றரை மடங்கை வைத்துக்கொண்டு மீதியை இப்போதே கொடுங்கள். திருத்தி, காய்ந்து, மறுபடி தட்டிப் பார்த்ததும் அதையும் கொடுத்துவிடுங்கள்.

அவர் வரவே மறுத்தால் மட்டும் அடுத்த வழி. 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம், சேவை செய்பவர் நியாயமான கவனத்தோடும் திறமையோடும் செய்ய வேண்டும் என்கிறது. பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றமான திரிபுனல் துந்துத்தான் பெங்குனா மலேசியாவில் 5 வெள்ளி கட்டி மனு கொடுக்கலாம். 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை அங்கே விசாரிக்கிறார்கள், வக்கீல் வைக்க வேண்டியதில்லை. அங்கே போனாலும் கேட்கப்போவது இதே படங்களையும், அளவுகளையும், நீங்கள் எழுதி அனுப்பியதையும்தான். கோயிலில் முகம் பார்த்துப் பேசும் குடும்பம் என்கிறீர்கள். அளந்த தாளைக் கையில் வைத்துக்கொண்டு பேசினால் அதுவரை போகாது என்றே நினைக்கிறேன்.

இன்னும் ஒன்று. உங்கள் கேள்வி முழுவதும் உள்சுவரைப் பற்றியது. சமையலறையின் வெளிச்சுவரையும் இதே ஸ்க்ரூடிரைவரோடு ஒரு சுற்று வாருங்கள், முக்கியமாக மழைச்சாரல் அடிக்கும் பக்கமும் மேல்விளிம்பும். வெளிச்சுவர் எவ்வளவு கரடுமுரடாக இருந்தாலும் எனக்குக் கவலையில்லை. அங்கே பொள்ளலோ விரிசலோ இருந்தால் அதைத்தான் பட்டியலில் முதலில் எழுதுங்கள்.